மூக்குக்கான ஈயம்

விமானம் மல்லாந்து கிடந்தது. பழைய மெத்தை ஸ்பான்ஜை வெட்டிச் செய்த தொட்டிலுக்குள், மூன்று கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு, மருந்தடித்த கரப்பானைப் போலக் கிடந்தது. காலையில்தான் கால்களை ஒட்டியிருந்தார் தெய்வசிகாமணி. பசை நன்றாக இறுகச் சாயங்காலக் காபி நேரம் ஆகிவிடும். அதுவரை அதைத் திருப்பக்கூடாது. திருப்பக்கூடாது என்பதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. திருப்பி மூன்று கால்களில் நிற்க வைத்தால் ஒரு விஷயம் தெரிந்துவிடும். மூக்குக்குள் ஈயம் வைத்தாரா இல்லையா என்பது தெரிந்துவிடும். இந்த மாதிரி ஜெட்டுகளுக்கு முன்னால் ஒரு கால், நடுவில் இரண்டு கால். நிஜ விமானத்தின் முன்பாதியில் ரேடாரும் கருவிகளும் ஓட்டுகிற ஆளும் இருப்பதால் அது நிற்கிறது. பிளாஸ்டிக் விமானத்துக்குள் இருப்பது வெறும் காற்று. அதனால் உடம்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டுவதற்கு முன்னால் மூக்குக்குள் கொஞ்சம் ஈயத்தை வைத்து மூடிவிட வேண்டும். வைக்காவிட்டால் முன்கால் அந்தரத்தில் தூக்கிக்கொள்ள, வால் மேசையில் பட, நாய் குந்துகிற மாதிரி குந்திக்கொள்ளும். மாடல் விமானம் செய்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். சோறு வைக்கிறவளுக்கு உலையில் அரிசி போடத் தெரிகிற மாதிரி. தெய்வசிகாமணி வைத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் வைத்திருக்கிறார். ஆனால் இந்தத் தடவை வைத்தது ஞாபகமில்லை.

சந்தேகம் எப்போது வந்தது என்பது மட்டும் துல்லியமாக ஞாபகமிருந்தது, அதுதான் வேடிக்கை. போன வாரம் முகம் மழித்துக்கொண்டிருந்தார். மேலுதட்டுக்கு பிளேடு வந்தபோது மூக்கு நுனியைப் பிடித்துத் தூக்கினார், தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. மூக்கு. ஈயம். வைத்தேனா? கண்ணாடிக்குள் பாதி முகத்தில் நுரையோடு ஐம்பத்தேழு வயது ஆள் ஒருவர் பதிலுக்காகக் காத்திருப்பது போல நின்றார். அன்றிலிருந்து தோண்டிப் பார்க்கிறார். தோண்டினால் எதுவும் வராமல் இல்லை, ஒன்றுக்கு ஐந்தாக வருகிறது. உக்கடத்தில் தூண்டில் சாமான் விற்கிற கடையில் வாங்கிய ஈயக்குண்டுகள் சாஸரில் உருளுகிற சத்தம் வருகிறது. இரண்டு நிறப் பிசினைச் சேர்த்துப் பிசைகிறபோது வருகிற நெடியும், விரலுக்குள் அது சூடாவதும் வருகின்றன. ஆனால் அந்தச் சத்தமும் நெடியும் இந்த மிக் விமானத்துக்கு உரியவையா, போன வருஷம் செய்த ஜாகுவாருக்கு உரியவையா, அதற்கும் முந்தின மிராஜுக்கா? திரும்பத் திரும்பச் செய்கிற காரியங்களுக்குத் தனித்தனி ஞாபகம் கிடையாது போலிருக்கிறது. கதவைப் பூட்டியது மாதிரி. கேஸை அணைத்தது மாதிரி. எல்லா நாளும் பூட்டிய பூட்டு ஒரே பூட்டாக ஞாபகத்தில் தொங்குகிறது, இன்றைக்குப் பூட்டினோமா என்று அதைக் கேட்க முடியாது. கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றால், தெரிந்துவிடும்தான். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து நிறுத்தினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனாலேயே அவர் நிறுத்திப் பார்க்கவில்லை. வாலின் ஓட்டையில் மூங்கில் குச்சி ஒன்றைச் செருகி, அந்தக் குச்சியைப் பிடித்தபடியே பெயிண்ட் வேலை முழுவதையும் முடித்தார். பெயிண்டில் கைரேகை படாமலிருக்க எல்லோரும் செய்வதுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். குச்சியின் நுனியில் இருக்கிற எதுவும் முன்னால் கனக்கத்தான் செய்யும். அந்தக் கனத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒன்றும் சொல்ல முடியாத கனம் அவருக்கு அந்த வாரம் முழுக்கப் போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்த வீடு அடங்கிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே துவைக்கிற கல்லும் அதை ஒட்டித் தண்ணீர்க் குழாயும். குழாயைத் திறந்து வைத்து அதன் அடியில் காலி பக்கெட்டை வைத்திருந்தாள் பூங்கொடி. இந்தத் தெருவில் குடிதண்ணீர் என்றைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால் காலி பக்கெட்டில் விழுகிற முதல் சத்தம் சொல்லும். உடனே ஓடிப்போய்த் தொட்டி மூடியைத் தள்ளி, குழாயை மாட்டி, குடங்களை வரிசைப்படுத்த வேண்டும். வீட்டில் எந்த வேலை நடந்தாலும் காதில் ஒரு மூலை அந்தப் பக்கெட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். இப்போது பக்கெட் சும்மா இருந்தது. தெய்வசிகாமணி சாஸரில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, ஒட்டுப்படத் தாளிலிருந்து ஒரு வட்டத்தைக் கத்தரித்து அதில் போட்டார். நடுவில் காவி, அப்புறம் வெள்ளை, சுற்றிலும் பச்சை. சுண்டுவிரல் நகத்தளவு. தண்ணீரில் ஊறியதும் தாளை விட்டு அது தானாக நழுவும், அந்த நழுவுகிற நேரத்தை விட்டுவிடக்கூடாது, முந்தி இழுத்தால் கிழியும், பிந்தி இழுத்தால் மடங்கும். ஈர பிரஷ்ஷின் நுனியால் அதைத் தள்ளி இறக்கையின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். மல்லாந்து கிடக்கிற விமானத்துக்கு அடிப்பக்கம்தான் இப்போது மேல்பக்கம். வெளிர் சாம்பல் நிறத்தின்மேல் வட்டம் மிதந்து, இடம் பார்த்து, உட்கார்ந்தது. கை நடுங்கவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது. பம்பு கம்பெனியில் வரைபடப் பிரிவில் முப்பது வருஷம் கோடு இழுத்த கை. அண்ணன் கையும் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது.

அண்ணன் நாச்சிமுத்துவுக்குக் கணபதி என்கிற பகுதியில் லேத் பட்டறை. கூம்பு கடைவதில் அவரை அடிக்க ஆளில்லை என்பார்கள். ஒரு கல்லூரி வாசலில், பறப்பதை நிறுத்திய மிக் ஒன்றைப் பீடத்தின்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த வழியாகப் போனபோது அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அதன் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். வட்டமான வாய், வாய்க்கு நடுவில் துருத்திக்கொண்டிருக்கிற கூம்பு. "இந்தக் கூம்பக் கடஞ்சவன் கை நல்ல கைடா," என்றார். விமானத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்குத்தான் இந்த மிக்கை வாங்கினார் தெய்வசிகாமணி, அதை யாரிடமும் சொல்லவில்லை. கூம்புக்குப் பச்சை அடித்துச் சேர்த்து வைத்தபோது அண்ணன் பார்த்தால் என்ன சொல்வார் என்று தோன்றியது. அண்ணன் எதைப் பார்த்தாலும் ஒன்றும் சொல்லாத காலம் அதற்குள் வந்து, போய், அவரும் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மறதி ஆரம்பித்தது பாலில். அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. காலையில் காபி போடுவது அந்த வீட்டில் எப்போதும் அண்ணன் வேலை. ஒரு நாள் அடுப்பைப் பற்றவைத்து, வெறும் பாத்திரத்தை ஏற்றிவிட்டு, பால் பொங்குவதற்காகப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். பாத்திரம் கருகி நாற்றம் வந்து நங்கையா ஓடிவந்தபோது திரும்பிப் பார்த்து, "பாலை யாரு குடிச்சது?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் மனைவி சரஸ்வதியைத் தெய்வசிகாமணி நங்கையா என்றுதான் கூப்பிடுவார், இந்தப் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நங்கையா அதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். தெய்வசிகாமணியும் சிரித்தார். அடுப்பில் ஏற்றிய பாத்திரத்தில் பால் இல்லை. ஒட்டி மூடிய மூக்கில் ஈயம் இல்லை. எது அதிகம் வித்தியாசம்? அதுவும் தினமும் செய்கிற காரியம், இதுவும் தினமும் இல்லாவிட்டாலும் தவறாமல் செய்கிற காரியம். அவருக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு ஐம்பத்தேழு. ரத்தத்தில் வருமா என்று டாக்டரிடம் அப்போதே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்பதற்கு வாயெடுத்தபோது டாக்டர் வேறு பக்கம் திரும்பினார் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

போன் அடித்தது. போத்தனூரிலிருந்து தேவசகாயம். ஊரில் விமானம் செய்கிறவர்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள், அதில் வாய் அதிகம் உள்ளவர் தேவசகாயம். "என்ன மணி, கால் ஊனியாச்சா?" என்றார். ஒட்டியிருக்கிறது, இன்னும் இறுகவில்லை, மல்லாக்க வைத்திருக்கிறேன் என்றார் இவர். "மல்லாக்க வெச்சா எல்லாரும் யோக்கியன்தான். நிமித்து வை, அப்ப தெரியும். மூக்குல ஈயம் வெச்சியா? என்னோட மிக்கு ஞாபகமிருக்கில்ல? போட்டிக்குக் கொண்டுபோய் மேசைல வெச்சேன், ஜட்ஜு வர்றப்போ சலாம் வெக்கிற மாதிரி மூக்கத் தூக்கிருச்சு. இன்னைக்கு வரைக்கும் பேரப்பய அத நாய்க்குட்டின்னுதான் சொல்றான்." தேவசகாயம் சிரித்தார். வெச்சிருக்கேன் என்று சொல்லிவிட்டார் தெய்வசிகாமணி. சொன்ன பிறகு காது சூடானது. ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது? தெரியவில்லை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? தேவசகாயம் அன்றைக்கு மறந்தார், இன்றைக்குவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார், அவரைப் பற்றி அவருக்கு ஒரு பயமும் இல்லை. அவருக்கு நாச்சிமுத்து என்கிற அண்ணன் இல்லை. அதுதான் வித்தியாசம். மறதி எல்லோர் வீட்டுக்கும் வந்து போகிற விருந்தாளி. சில வீட்டில் மட்டும் பெட்டி படுக்கையோடு வருகிறது. எந்த விருந்தாளிக்குத் திறந்துவிட்டோம் என்று கதவைத் திறந்தவனுக்கு எப்படித் தெரியும்.

குண்டு போடுகிற மாதிரி பக்கெட்டில் ஏதோ விழுந்தது. இல்லை, தண்ணீர் இல்லை, பக்கத்து வீட்டு மாமரத்துப் பிஞ்சு. இரண்டாவது வட்டத்தைத் தண்ணீரில் போட்டார். இறக்கைக்கு அடியில் தொங்க வேண்டிய பெட்ரோல் தொட்டி தனியாகப் பல்குத்தும் குச்சியில் காய்ந்துகொண்டிருந்தது. வாலைச் சுற்றி இரும்பு வெந்து நிறம் மாறினாற்போலக் கொஞ்சம் நீலம், கொஞ்சம் பழுப்பு, பெயிண்டைத் துணியில் துடைத்துவிட்டு ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் தடவித் தடவிக் கொண்டுவந்திருந்தார். சக்கரத்துக்கு அருகில் எண்ணெய் கசிந்த கறை. உடம்பின் தகடுகள் சேருகிற கோடுகளில் மங்கலாகக் கறுப்பு. நன்றாக வந்திருக்கிறது. இதுவரை செய்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது. அழுக்கு எங்கே படியும், தண்ணீர் எந்தப் பக்கம் ஒழுகும், மெக்கானிக் எங்கே மிதித்து ஏறுவான் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் போட்ட அழுக்கு. இத்தனையையும் யோசித்தவனுக்கு அந்த ஒன்றை யோசிக்கத் தெரியாதா? அண்ணன்கூடப் பால் விஷயம் நடந்த பிறகு ஒரு வருஷம் பட்டறைக்குப் போனார். கடைந்து கொடுத்த சாமான் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அளவு பிசகவில்லை. அந்த எண்ணம் ஆறுதலாகத்தான் ஆரம்பித்தது, முடிகிற இடத்தில் வேறு மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்றும் ஞாபகம் வந்தது, வர வேண்டாம் என்று பெட்ரோல் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வந்துவிட்டது. கடைசி வருஷம் போய் எதிரில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் அவரை ரொம்ப நேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "நீங்க எந்தூருங்க?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து வாடா போடா என்று கூப்பிட்ட வாய். அந்த 'ங்க'வைக் கேட்டபோது யாரோ கையிலிருந்து எதையோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. சிங்காநல்லூருங்க என்று பதில் சொன்னார். அப்படியா, நல்ல ஊரு என்றார் அண்ணன்.

வாசலில் செருப்புச் சத்தம், பூங்கொடியின் குரல், அதற்குமேல் நங்கையாவின் குரல். வருவதாகச் சொல்லியிருந்தார். தெய்வசிகாமணி எழுந்து போய், "வாங்க நங்கையா," என்றார். நங்கையா வெயிலில் நடந்துவந்த முகத்தோடு சோபாவில் உட்கார்ந்து, கையை விரித்துக் காட்டினார். "வெறுங்கையோட வந்திருக்கறனுங்க கொழுந்தனாரே. நம்ம மரத்து முருங்கக்காயி, நல்லாச் சதப்பிடிப்பானது, ஒரு பை நெறையப் பறிச்சு எடுத்துட்டு வந்து, பஸ்ஸு சீட்டுக்கு அடியில வெச்சு, எறங்கறப்ப அத அப்படியே மறந்துட்டு வந்துட்டேன். இன்னைக்கு அந்தக் கண்டக்டரு ஊட்டுல சாம்பாரு." பூங்கொடி சிரித்தாள். "அதனால என்னுங்க்கா, அவங்க சாப்பிட்டாலும் வகுறுதான." தெய்வசிகாமணியும் சிரித்துவிட்டு, பசை காய்கிறது, பார்க்க வேண்டும் என்று பின்னறைக்குத் திரும்பினார். கதவைச் சாத்தவில்லை. பிரஷ்ஷை எடுத்தார். கண் வட்டத்தில், காது கூடத்தில். விசிறிக் காற்றோடு நங்கையாவின் பேச்சு வந்துகொண்டிருந்தது. மரம், கண்டக்டர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மூக்குத்தி. பிறகு டம்ளர் வைக்கிற சத்தம். அப்புறம் குரல் தாழ்ந்து வந்தது. "எறங்கி நாலு எட்டு வெச்சதும் கையி லேசா இருந்துச்சா, அய்யோ மறந்துட்டமேன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன் பூங்கொடி. ரோட்டுல போறவன் திரும்பிப் பாக்கறான். நானும் அப்படியே நின்னுட்டேன். ஏன்னா அந்தச் சொல்ல அவரு ஒருக்காக்கூடச் சொன்னதில்ல." யாரு, மாமாவா என்றாள் பூங்கொடி. "அவருதான். சாவியக் காணோம்னா நீ எடுத்தேம்பாரு. பணத்தக் காணோம்னா வேலைக்காரி எடுத்தாம்பாரு. பல்லு வெளக்கிட்டு மறுக்கா வெளக்குவாரு, ஏனுங்க இப்பத்தான வெளக்குனீங்கன்னா, யாரு சொன்னது, நான் வெளக்குலையேன்னு சண்டைக்கு வருவாரு. பாலை யாரு குடிச்சதுன்னு கேட்டாரே, அன்னைலிருந்து கடசி நாளு வரைக்கும் எல்லாமே யாரோ செஞ்சதுதான். மறந்துட்டேன் சரசுன்னு ஒரே ஒருக்கா சொல்லியிருந்தா நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்."

பிரஷ் நுனியில் வட்டம் மடங்கிவிட்டது. தண்ணீர் தொட்டு மெதுவாகப் பிரித்தார். பிரிந்துகொண்டது. சூரியன் இறங்கி ஜன்னல் கம்பியின் நிழல் தொட்டிலின்மேல் விழுந்திருந்தது. சுண்டுவிரலால் முன்காலை லேசாக ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. நடுக்கால்கள் இரண்டையும் பார்த்தார். அவையும் ஆடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் விடலாம் என்று தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் என்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை என்பதும் தெரிந்தது. பூங்கொடி காபி கலக்குகிற சத்தம் கேட்டது. இதைத் திருப்பினால் என்ன ஆகிவிடும்? நிற்கும், அல்லது குந்தும். நின்றால் வைத்திருக்கிறேன், ஆனால் வைத்தது ஞாபகமில்லை. குந்தினால் வைக்கவில்லை, ஆனால் வைக்கவில்லை என்பதும் ஞாபகமில்லை. இரண்டில் எது மோசம் என்று ஒரு வாரமாக அவர் யோசித்ததே இல்லை என்று இப்போது பட்டது. குந்துவதற்குத்தான் பயந்துகொண்டிருந்தார். நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று யார் சொன்னது? இரண்டு கைகளையும் தொட்டிலுக்குள் விட்டு, இறக்கையின் ஓரங்களைப் பிடித்துத் தூக்கினார். விரல்களுக்குக் கனம் தெரிவதற்குள் வேகமாகத் திருப்பி, மேசைமேல் விரித்திருந்த செய்தித்தாளில், மூன்று சக்கரங்களும் படும்படி வைத்தார். வைத்து, கையை எடுக்காமல் இருந்தார். எடுத்தார்.

ஒரு கணம் நின்றது. நிற்கவே செய்தது. பிறகு, யாரோ கூப்பிட்ட மாதிரி முன்சக்கரம் தாளை விட்டு எழுந்தது, பச்சைக் கூம்பு ஜன்னலைப் பார்த்தது, விசிறியைப் பார்த்தது, வால் டக்கென்று தாளில் இடித்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். சின்னச் சத்தம். எலும்பு வரை கேட்ட சத்தம். நான் வைத்தேன். அதுதான் முதலில் வந்தது. சாஸரில் உருண்ட குண்டுகள், விரலில் சூடு, நெடி, எல்லாம் இருக்கிறது, நான் வைத்தேன், வைக்காமல் இருக்க மாட்டேன், அப்படியானால் யார், யாரோ, என்று சொற்கள் தொண்டைக்குள் ஏறி வருவதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டி மூடிய மூக்குக்குள்ளிருந்து யார் எடுக்க முடியும்? முடியாது என்பதும் தெரிகிறது, ஆனாலும் சொல் ஏறி வருகிறது, நாக்கின் வேரில் வந்து உட்கார்ந்திருக்கிறது, வெந்நீர் மாதிரி சூடாக. அண்ணனுக்கு இப்படித்தான் இருந்திருக்குமா? உள்ளே இருந்து பார்த்தால் இது பொய் மாதிரியே இல்லை. அண்ணன் யாரையும் குற்றம் சொல்லவில்லை போலிருக்கிறது. பால் ஊற்றிய ஞாபகம் அவருக்கு இருந்திருக்கிறது, எல்லா நாளும் ஊற்றிய பால். பிறகு பால் இல்லாவிட்டால் ஒருவன் வேறு என்ன கேட்பான்?

"ஏனுங் கொழுந்தனாரே," என்று கதவருகில் குரல் கேட்டது. காபி டம்ளரோடு நங்கையா நின்றிருந்தார், பின்னால் பூங்கொடி. நங்கையா மேசையைப் பார்த்தார். "இது என்னுங்க, ஏரோப்பிளேனு நாய் குந்துன மாதிரி குந்தீருக்குது?" தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். நாக்கின் வேரில் உட்கார்ந்திருந்தது முன்னால் வரப்பார்த்தது. அதை விழுங்கினார். "மூக்குக்குள்ள ஈயம் வெக்கோணுமுங்க நங்கையா," என்றார். "மறந்துட்டேன்."

சொன்னதும் ஒன்றும் ஆகவில்லை. விசிறி சுற்றியது. நங்கையா அவர் முகத்தையே பார்த்தார், ஏதோ விலை கேட்டுவிட்டு, சொன்னது சரிதானா என்று முகத்தில் தேடுகிறவர் மாதிரி. "மறந்துட்டீங்களா?" என்றார். "மறந்துட்டனுங்க. சுத்தமா மறந்துட்டேன்." இரண்டாம் தடவை சொல்லும்போது அந்தச் சொல் இன்னும் லேசாக வந்தது, கூடவே நுனியில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி வேறொன்றும் வந்தது. பக்கெட். காலி பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம். அன்றைக்குத் தண்ணீர் வந்தது. பிசினைப் பிசைந்து முடித்து, அது மேசை விளிம்பில் உருண்டையாக இருந்தது, குண்டுகளைச் சாஸரிலிருந்து கையில் கொட்டி எடுத்திருந்தார், பாதி விமானம் மூக்கைத் திறந்துகொண்டு எதிரில் கிடந்தது, "தண்ணி வந்துருச்சுங்க" என்று பூங்கொடி கத்தினாள். எழுந்து ஓடினார். கையில் குண்டுகளோடு ஓடினார். தொட்டி மூடியைத் தள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது, குண்டுகளை எங்கோ வைத்தார், கல்லுக்கு மேலே, சுவர் மாடத்தில், சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில். வேஷ்டி நனைந்து ஒட்டியது, பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார் என்று பூங்கொடி சத்தம் போட்டாள், கடைசிக் குடம் நிரம்பியதும் தண்ணீர் நின்றுவிட்டது. தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் அடுத்த வேலையை எடுத்தார். பாதியோடு பாதியைச் சேர்த்து ஒட்டினார். மறுநாள் மேசை விளிம்பில் கல்லாகிக் கிடந்த பிசின் உருண்டையைச் சுரண்டி எறிந்தாரே, மிச்சம் என்று நினைத்தாரே, அது மிச்சமில்லை, அது முழு உருண்டை. எல்லாம் வந்தது. வேஷ்டியின் ஈரம் வரை வந்தது. இது ஜாகுவாருக்கு உரியது அல்ல, மிராஜுக்கு உரியது அல்ல.

அவர்களைத் தாண்டி வெளியே போனார். வந்த ஞாபகம் பொய்யாகிவிட்டால் என்று நடக்கும்போதே தோன்றியது. மாடத்தில் சோப்பு டப்பா இருந்தது. பக்கத்தில் துணி தேய்க்கிற பிரஷ். அதற்குப் பின்னால், சோப்பு நுரை பட்டுப் பட்டு வெள்ளை பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஈயக்குண்டுகள் இருந்தன. அவர் வைத்த இடத்தில் அவர் வைத்தபடி இருந்தன. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சின்னதற்கு இவ்வளவு கனம். "அது நீங்க வெச்சதுங்களா?" என்றாள் பின்னால் வந்த பூங்கொடி. "நானும் தொவைக்கறப்பவெல்லாம் பாத்துட்டுத்தான் இருக்கறேன். என்னத்துக்கோ வெச்சிருக்கறாராட்ட இருக்குது, தொட்டா வம்புன்னு உட்டுட்டேன்." அவருக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து வந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். "ஏனுங்க, என்னுங்க ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஒரு வாரமாகக் கண்ணாடியைப் பார்க்காமல் முகம் மழித்ததற்குப் பதிலாக, குண்டு எங்கேயாவது பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்பதற்குத்தான் பயம். அண்ணனுக்கு வந்தது நாளைக்குத் தனக்கு வராது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அடுத்த வருஷம் வராது என்று சொல்ல முடியாது. டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும், கேட்டுவிடலாம், ஒன்றும் பெரிய விஷயமில்லை. இன்றைக்கு வரவில்லை. இன்றைக்கு அவர் தண்ணீர் வந்ததால் மறந்த ஒரு மனுஷன், அவ்வளவுதான். தேவசகாயத்தின் கட்சி.

உள்ளே வந்தபோது நங்கையா நாற்காலியை இழுத்துப் போட்டு விமானத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். "இனி இத என்ன பண்றதுங்க? பிரிக்கோணுமா?" என்று கேட்டார். பிரிக்க வேண்டாம், முன்கால் மடங்குகிற குழிக்குள் சின்னதாகத் துளை போட்டு, குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, பசை விட்டு, தலைகீழாக வைத்தால் மூக்கில் போய்ச் சேர்ந்துவிடும் என்றார் தெய்வசிகாமணி. "அப்ப ஒண்ணும் கெட்டுப் போகலீங்க," என்றார் நங்கையா. விரலை நீட்டிக் கூம்பின்மேல் வைத்து மெதுவாக அழுத்தினார். விமானம் நல்ல பிள்ளையாக மூன்று காலில் நின்றது. விரலை எடுத்தார். மறுபடி குந்திக்கொண்டது. இன்னொரு தடவை அழுத்தினார். "மூக்கு நல்லா இருக்குதுங்க," என்றார். "உங்கண்ணன் பாத்திருந்தா எதாச்சும் சொல்லீருப்பாரு." தெய்வசிகாமணி காபியை எடுத்துக் குடித்தார். ஆறியிருந்தது. நன்றாக இருந்தது. தேவசகாயத்துக்குப் போன் போட்டு, குந்திருச்சு என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் வைத்துக் கிழிப்பார். கிழிக்கட்டும்.

வெளியே குழாய் ஒரு தடவை இருமியது. காற்று, பிறகு துரு கலந்த துப்பல், பிறகு பக்கெட்டின் அடியில் தடதடவென்று விழுகிற சத்தம். "தண்ணி வந்துருச்சுங்க," என்று பூங்கொடி குரல் கொடுத்தாள். தெய்வசிகாமணி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து ஓடினார். கூடத்தைத் தாண்டி, சமையலறை வாசலைத் தாண்டி, பின்கதவின் நிலையில் கை பட்டபோதுதான் மூடிய கைக்குள் கனம் தெரிந்தது. நின்றார். "ஏனுங்க, சீக்கிரம் வாங்க, அக்கட்டால ஊட்டுல மோட்டாரப் போட்டுட்டாங்க," என்றாள் பூங்கொடி. வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பின்னறைக்குப் போனார். குந்தியிருக்கிற விமானத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு காலி சாஸரில் குண்டுகளைக் கொட்டினார். உருண்டு நின்றன. நங்கையா அவரைப் பார்த்தார். "இங்க வெச்சிருக்கறனுங்க," என்று சொல்லிவிட்டு ஓடினார்.